கள்ளுக்கடைப் பக்கம் வந்த பாட்டு

தோட்டத்து ஒலிகள் – 14

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் இலங்கைப் பொப்பிசை என்று சொல்லிப் பாருங்கள். உடனே ‘சுராங்கனி’ என்பார், ஏ.ஈ. மனோகரன் என்பார். ‘சின்ன மாமியே’ பாட்டை ஞாபகப்படுத்தினால் அதையும் மனோகரன் கணக்கிலேயே சேர்த்துவிடுவார். மனோகரன் பெரிய மேடைக் கலைஞர். 2018இல் சென்னையில் அவர் காலமானபோது இங்கேயும் வருந்தியவர்கள் உண்டு. ஆனால் ‘சின்ன மாமியே’ நித்தி கனகரத்தினத்தின் பாட்டு. அந்தப் பெயர் நம் பக்கத்தில் அழிந்துபோவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நித்தி யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். அறுபதுகளில் அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் விவசாயம் படித்தவர், கித்தார் வாசிப்பவர். அன்றைய இலங்கையில் சிங்களவரும் பறங்கியரும் பைலாவுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். போர்த்துக்கீசியர் காலத்து வேர் கொண்ட இசை அது. வாலி பஸ்தியான்ஸ் என்ற போலீஸ்காரர் சிங்களச் சொற்களைப் போட்டு அதை ஊர் முழுக்கக் கொண்டுபோயிருந்தார். அந்தத் துள்ளல் தாளத்தில் நித்தி தன் ஊர்ப் பேச்சை உட்காரவைத்தார். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் ஓர் இளைஞன், அவனுக்கு மாமி கொடுக்கும் பதில். அவ்வளவுதான் ‘சின்ன மாமியே’. வர்ணனை இல்லை, நிலவும் மலரும் இல்லை. யாழ்ப்பாணத்து வேலிக்கரையில் இருவர் கதைப்பது அப்படியே பாட்டாகியிருக்கிறது. சினிமாவைச் சாராமல் தமிழில் ஒரு ஜனரஞ்சகப் பாட்டு நிற்க முடியும் என்று காட்டிய மிகச் சிலரில் அவர் ஒருவர். திருகோணமலையின் எம்.பி. பரமேஷ் இன்னொருவர். அவருக்குத் தனி வாரம் வேண்டும்.

நான் அதிகம் பேச விரும்புவது நித்தியின் இன்னொரு பாட்டைப் பற்றி: ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’.

கடையை நோக்கி நடப்பவனிடம் ஒரு குரல் கெஞ்சுகிறது. ஆடவைக்கும் தாளத்தில் அந்தக் கெஞ்சல் வருவதால் பலர் இதை வேடிக்கைப் பாட்டு என்று ஒதுக்கிவிட்டார்கள். நம் தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க முடியாது. கள்ளுக்கடை இங்கே தோட்ட அமைப்பின் ஓர் உறுப்பாக இருந்தது. பால் வெட்டி வாங்கிய சம்பளத்தில் ஒரு பங்கு தோட்டத்து எல்லையைத் தாண்டாமலே கடைக்குப் போய்ச் சேர்ந்தது. 1941இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே மானப் பிரச்சினைகள். நாதனை நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். கடைகள் மூடப்படவில்லை. பிறகு கள்ளைவிடக் கொடிய சம்சு வந்தது.

இந்த மண்ணுக்கு அந்தப் பாட்டு வந்த வழியும் கவனிக்கத்தக்கது. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு பெரியவர் சொன்னார்: முதலில் அதைக் கேட்டது கிராணி வீட்டு வாசலில், தட்டு சுழலும் பெட்டியில். யாழ்ப்பாணத்துக் கிராணிமார் பலர் தொழிலாளர்களிடமிருந்து விலகியே வாழ்ந்தவர்கள். வீடு வேறு, பள்ளி வேறு, பேச்சும் வேறு. இருந்தும் அந்தத் திண்ணையிலிருந்து பாட்டு லயத்துக்கு இறங்கிவிட்டது. திருவிழா மேடையில் தோட்டத்து இசைக்குழு வாசித்தபோது முன்வரிசைப் பெண்கள்தான் அதிகம் கைதட்டினார்களாம். நான் நம்புகிறேன். அவர்கள் வீட்டில் சொல்லி அடி வாங்கிய வார்த்தைகளை மேடையில் ஒருவன் ஒலிபெருக்கி வைத்துப் பாடுகிறான்!

அப்படிப்பட்ட பாட்டு ஏன் பெயரிழந்தது? சிறிய தட்டுகள், சிறிய வெளியீட்டாளர்கள். அவை கேசட்டுக்குப் பதிவானபோது தட்டின் நடுவில் அச்சிட்டிருந்த பெயர் கூடவே வரவில்லை. 1983 கலவரம் கொழும்புத் தமிழ்க் கலைஞர்களைத் திசைக்கொருவராக விரட்டியது. நித்தியும் புலம்பெயர்ந்து ஆஸ்திரேலியாவில் குடியேறினார். எல்லாவற்றுக்கும் மேலாகச் சினிமா. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா ‘சுராங்கனி’யை எடுத்துக்கொண்டார். பாடியவர் நம் மலேசியா வாசுதேவன். அதோடு அந்தப் பாட்டு தமிழ் பேசும் ஊர்களெல்லாம் போனது. படம் ஏறாத பாட்டுகள் அம்பாறையிலும் உரும்பிராயிலும் நம் லயங்களிலும் தங்கிவிட்டன.

பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், தஞ்சோங் காராங் பக்கம் தோட்டத்தைவிட்டு தாமான் வீடுகளுக்கு மாறியவர்களிடம் பழைய தட்டுகள் இன்னும் இருக்கலாம். பாட்டு தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, பழைய சாமான்காரனிடம் போட்டுவிடாதீர்கள். நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பாடியவர், எழுதியவர், வாசித்த குழு என்று அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் இந்தப் பக்கத்தில் அச்சிடுவேன்.