சீத்தாக்கொட்டையைத் தலையில் பூசாதீர்கள்

ஆகஸ்ட் தொடங்கித் தீபாவளி வரைக்கும் சென்னையில் நந்தனம், சைதாப்பேட்டைப் பக்கம் தள்ளுவண்டிகளில் சீத்தாப்பழம் குவிந்து கிடக்கும். பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். கவலையெல்லாம் துப்பிய கொட்டையைப் பற்றித்தான். பல வீடுகளில் அதைக் காயவைத்துப் பொடித்து, எண்ணெயில் குழைத்து, பேன் சாகட்டும் என்று பெண்பிள்ளைகளின் தலையில் பூசுகிறார்கள்.

பேனோடு கண்ணும் போகும்

பேன் சாவது உண்மைதான். கொட்டையிலுள்ள அசிட்டோஜெனின் என்ற நச்சு, உயிரணு தனக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கவிடாமல் முடக்கிவிடுகிறது. பேனுக்குச் செய்வதைத்தான் பிள்ளையின் கருவிழிக்கும் செய்கிறது. தலைக்கு ஊற்றும்போது நெற்றி வழியே கொஞ்சம் இறங்கினாலே போதும், விழியின் மேல்தோல் புண்ணாகிவிடும். சில மணி நேரம் கழித்துக்கூட வலி தொடங்கலாம். கண் சிவந்து, நீர் கொட்டி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் பிள்ளை துடித்துப்போகும். இப்படி வந்தவர்களைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

பட்டுவிட்டால்

கசக்க விடாதீர்கள். சுத்தமான தண்ணீரைக் கால்மணி நேரமாவது விட்டுக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். எழும்பூரில் 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனையின் சேவை இன்றும் இருக்கிறது. பேனுக்கு, மருத்துவரைக் கேட்டு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தும் நெருக்கமான பேன்சீப்பும் போதும்.

மெல்லக் கூடாத பருப்பு

சீத்தாக்கொட்டை மட்டுமல்ல, வேறு சில பழங்களின் விதையிலும் கவனம் வேண்டும். ஆப்பிள் விதை ஒன்றிரண்டு முழுதாக வயிற்றுக்குள் போனால் பயமில்லை. நிறைய மென்றால்தான் அதிலுள்ள அமிக்டலின் சயனைடாக மாறும். ஆப்ரிகாட் பருப்பில் இது மிக அதிகம். பெரியவர்களே ஒரு வேளைக்குச் சிறிய பச்சைப் பருப்பு மூன்றுக்கு மேல் தின்றால் ஆபத்து வரம்பைத் தாண்டக்கூடும், சிறு குழந்தைக்கு ஒன்றே அதிகம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016இல் எச்சரித்தது.

இந்த அமிக்டலினுக்குத்தான் ‘வைட்டமின் பி17’ என்று பெயர் சூட்டி, புற்றுநோய் தீரும் என்று விற்கிறார்கள். அது வைட்டமினே இல்லை. 178 நோயாளிகளுக்கு அமிக்டலின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1982இல் வெளியானது. ஒருவருக்கும் நோய் குணமாகவில்லை. சிலருக்கு இரத்தத்தில் சயனைடு ஏறியதுதான் மிச்சம். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்றால், அந்தப் பருப்புக்குச் செலவழிக்காதீர்கள். அடையாறில் 1954 முதல் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது; நாள் கடத்தாமல் அங்கே அழைத்துப் போங்கள்.