கீழே ஏன் அறுபது பாகை?

பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலம் போன்ற ஊர்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வடிவியலில் சந்தேகம் எழுவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். பள்ளி பூட்டியிருக்கும். தொடுகோடு, நாண் என்றால் விளக்கிச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பது அரிது. காலையில் தோட்டத்து வேலைக்குப் போன அப்பாவோடு போன செல்போனும் அப்போதுதான் வீடு திரும்புகிறது. கேள்வி வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. ‘காப்பியடிக்கப் பழகுகிறார்கள்’ என்று இதைக் கண்டு பதறும் பெற்றோரும் ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. தோழரிடம் கேட்பதில் ஒரு தப்பும் கிடையாது. வரைந்து முடித்த படத்தின் போட்டோ மட்டுமே பதிலாக வந்து விழுவதில்தான் கோளாறு.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60 பாகை, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வரும் நடுக்கோடு 6 செ.மீ.; முக்கோணம் வரைய வேண்டும். அடிப்பக்கத்தை வரைந்து, அதன் ஒரு முனையில் கோட்டுக்குக் கீழே 60 பாகையில் ஒரு கோடு இழுக்கச் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்கு அதே முனையில் செங்குத்து எழுப்ப வேண்டும். அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடு அந்தச் செங்குத்தை வெட்டும் இடம்தான் வட்டமையம். வட்டத்தைப் போட்டு, அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியில் கவராயத்தை ஊன்றி 6 செ.மீ. அளவில் வில் வெட்டினால் உச்சி கிடைத்துவிடும். பிள்ளைகள் திணறுவது முதல் கோணத்திலேயே. கேட்டிருப்பது மேலே உச்சியில் இருக்கும் கோணம். அதைக் கொண்டுபோய்க் கீழே ஏன் போட வேண்டும்? கீழே போட்ட கோடு, வரப்போகும் வட்டத்துக்குத் தொடுகோடு. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம் மாற்று வட்டத்துண்டில் உள்ள கோணத்துக்குச் சமம். ஆகவே அடிப்பக்கத்துக்கு மேலே உள்ள வட்டவில்லில் எந்த இடத்தில் உச்சியை வைத்தாலும் 60 பாகைதான் வரும். இது பிடிபட்டுவிட்டால் மற்றப் படிகளை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முடிந்த படத்தின் போட்டோவில் இந்தக் காரணம் தெரியாது. எந்தக் கோடு முதலில் வந்தது என்பதுகூடத் தெரியாது. இயற்கணிதத்தில் அடுத்தவர் நோட்டைப் பார்த்தாலும் வரிக்கு வரி வந்த வழி தெரியும். வடிவியலிலோ எல்லாப் படிகளும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. விடையை மட்டும் வாங்கிக்கொள்வதால் இந்தப் பாடத்தில் இழப்பு அதிகம். தேர்வு முறையும் இதற்குத் துணைபோகிறது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால் ‘இந்த 16ஐ விட்டுவிடாதே’ என்று மெல்லக் கற்கும் பிள்ளைகளை வரைந்து வரைந்து பழக்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளைத் தேற்றிவிட வேண்டும் என்ற அக்கறையில் செய்வது அது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதே கணக்கில் நடுக்கோட்டை ஏழரை செ.மீ. என்று மாற்றிப் பாருங்கள். வில் வட்டத்தை எட்டவே எட்டாது. அப்படியொரு முக்கோணமே கிடையாது. படத்தை மட்டும் பழகிய பிள்ளை, கவராயம் நகர்ந்துவிட்டதோ என்று திரும்பத் திரும்ப வெட்டிப் பார்க்கும்.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அதுதான். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அதைப் பின்பற்ற மனமில்லாமல் இருக்க, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே சின்ன வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின் இந்த வழி ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. பிற்பாடு, ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைச் சமாளிக்கும் சிக்கன வழியாக அது மாறி, மூத்தவன் ஒப்பிக்க இளையவன் திருப்பி ஒப்பிப்பதாகச் சுருங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மதிப்பிழந்தது. ஆனால் ஒப்பிப்பது வேறு, விளக்குவது வேறு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் நோரீன் வெப், சிறு குழுக்களாகக் கணக்குப் படிக்கும் மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளை 1991இல் தொகுத்து எழுதினார். பிறருக்கு விளக்கிச் சொன்ன பிள்ளைகள் கணக்கில் மேலாக இருந்தார்கள். விளக்கம் தேவைப்பட்ட இடத்தில் வெறும் விடையைப் பெற்றவர்கள் பின்தங்கியிருந்தார்கள். ‘என் பிள்ளையின் நேரம் வீணாகிறதே’ என்று வருந்தும் பெற்றோர் இதில் முதல் பாதியைக் கவனிக்க வேண்டும்.

தோழன் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பார்கள். சொல்லத்தான் செய்வான். ஆனால் செய்முறை வடிவியலில் தப்பைக் கண்டுபிடிக்க வாத்தியார் வர வேண்டும் என்பதில்லை. உச்சியில் பாகைமானியை வைத்து அளந்தால் 60 வருகிறதா இல்லையா என்று தெரிந்துபோகும். உச்சி தோழன் படத்தில் இடப்பக்கமும் தன் படத்தில் வலப்பக்கமும் வந்தால் கலங்கவும் வேண்டாம். வில் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டுகிறது, இரண்டும் சரி. செல்போனைக் கையில் கொடுத்தால் கணக்கோடு நிற்குமா என்ற கவலைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது அரை மணி நேரம் கொடுப்பது ஒரு வழி. எனக்குப் பெரிய கவலை வேறு. போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறும் குடும்பங்களில் ஒரே போன்தான் இருக்கும். அதுவும் அண்ணன் கையில் இருந்து தங்கைக்கு வருவது கடைசியில். குழுவில் நடக்கும் பேச்சு அவளுக்கு எட்டுவதேயில்லை.

ஆகவே குழுவைக் கலைக்கச் சொல்வதைவிட, கணக்கு ஆசிரியர் அதற்கு ஓர் ஒழுங்கு சொல்லித் தரலாம். கேட்பவர், தான் எந்தப் படியில் நிற்கிறாரோ அதுவரை வரைந்ததை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பதில் சொல்பவர் அடுத்த படியை மட்டும், ஏன் என்ற காரணத்தோடு, வாய்ஸ் மெசேஜில் சொன்னால் போதும். முழுப் படம் வேண்டாம். முந்தின ராத்திரி வந்த கேள்விகளில் ஒன்றை மறுநாள் கணக்குப் பாடவேளையில் ஒரு மாணவி கரும்பலகையில் வரையட்டும், பத்து நிமிடம். போன் கிடைக்காத பிள்ளைகளும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.