கியர்பெட்டி ஒயிலும் நிதானமும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரையில், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் பழைய டொயோட்டாக்களும் நிசான்களும் தம் வயதுக்கு மீறி உழைக்க வேண்டியவையாயின. புதிய வண்டியின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருக்கிறபடியால், உள்ளதைப் பேணுதல் இன்றும் அவசியமான காரியமே. எஞ்சின் ஒயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிற பலரும், ஒட்டோ கியர்பெட்டிக்குள்ளும் ஓர் ஒயில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஒயில் பல்சக்கரங்களின் தேய்மானத்தைத் தடுப்பதோடு நிற்பதில்லை. டோர்க் கன்வேர்ட்டர் என்னும் பாகத்தின் வழியே எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்துவதும், உள்ளிருக்கும் கிளச் தட்டுகளை அழுத்திக் கியரை மாற்றுவதும், உஷ்ணத்தை வெளியே சுமந்து செல்வதும் அதுவே. ஜெர்மனியரான ஹெர்மன் ஃபொட்டிங்கர் கப்பல்களுக்கென வகுத்து 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற, சுழற்சியைத் திரவத்தால் கடத்தும் தத்துவமே, 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் காரின் ஒட்டோ கியர்பெட்டியிலும் இடம்பெற்றது. கண்டிக்குச் செல்லும் வான் மகியங்கனையைக் கடந்து 18 வளைவு வீதியில் ஏறும்போது இந்த ஒயில் கடுமையாகச் சூடேறும். உஷ்ணம் மிகுந்தால் அதன் சிவப்பு நிறம் கறுத்து, கருகிய வாடை வீசத் தொடங்கும்.

அதை வீட்டில் மாற்ற விரும்புகிறவர் முதலில் நிர்ணயிக்க வேண்டியது ஒயிலின் ஜாதியை. பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் வகை. பின்வந்த டொயோட்டாக்களுக்கு டி-4 அல்லது டபிள்யூ.எஸ்.; நிசானுக்கும் ஹொண்டாவுக்கும் அவற்றுக்குரியவை; படிக் கியர்கள் இல்லாத சி.வி.டி. பெட்டிக்கோ முற்றிலும் வேறு. கையேட்டிலும், சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கிலும் அது குறிக்கப்பட்டிருக்கும்.

நமது மணற்தரையில் ஜக் புதையுமாதலால், சீமெந்துத் தரையில், உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை மட்டமாக நிறுத்தியே கீழே புக வேண்டும். எஞ்சின் ஒயிலின் வடிகால் ஆணியும் அருகிலேயே இருக்கக்கூடுமாகையால், எது எதுவென்று நிச்சயித்த பின்னரே கழற்றுக. இளஞ்சூட்டில் வடிந்த ஒயிலை அளந்து, ஆணியை மீண்டும் இறுக்கி, அதே அளவு புதியதை, டிப்ஸ்டிக் உள்ள வண்டியானால் அதன் குழாய் வழியே ஊற்றி, வண்டியைத் தரையில் இறக்கி எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சற்று நிறுத்தி மீள வேண்டும். பின்னர் சிறிது தூரம் ஓடிச் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதா நின்ற பின்னரா என்று கையேடு கூறுகிறபடி மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். மிகுந்தால் சுழலும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும்.

ஒருமுறை வடிப்பதால் முழு ஒயிலும் வெளிவராது. பெரும்பகுதி டோர்க் கன்வேர்ட்டருக்குள் தங்கிவிடும். 7 லீற்றர் கொள்ளும் பெட்டியில் 3 லீற்றர் மாற்றினால் புதிய ஒயில் நூற்றுக்கு 43 பங்கே. சில நூறு கிலோமீற்றர் இடைவெளியில் இருமுறை மீண்டும் செய்தால் 81 பங்காகும். நெடுங்காலம் கவனிக்கப்படாத பெட்டிக்கு, யந்திரத்தால் ஒரேயடியாகக் கழுவுவதைவிட இந்தப் படிப்படியான மாற்றமே உசிதம். ஏற்கெனவே கியர் வழுக்குமாயின் புதிய ஒயில் ஔஷதமாகாது. அனுபவமுள்ள கராஜ்காரரிடம் காட்டுவதே விவேகம்.

வடித்த ஒயிலை மணலில் ஊற்றுதல் பெரும் பிழை. இக்கரையோர மணலில் சிறிது ஆழத்திலேயே நன்னீர் நிற்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் புகுந்து கிணறுகள் உவர்த்துப் போனபோது அந்நீரின் அருமையை இவ்வூரார் அனுபவித்து அறிந்தார்கள். ஆகவே மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவு ஒயில் ஏற்கும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். உள்ளே ஊற்றியதை அளந்தவர், வெளியே வந்ததற்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அதையும் செய்து முடித்தபோதே இந்தப் பணி பூரணமாகிறது.