போர்வீரனும் துணைநாயும்

நீலகிரியில் லவ்டேலிலுள்ள லாரன்ஸ் பள்ளி, வெள்ளைச் சிப்பாய்களின் குழந்தைகளுக்காக 1858-ம் வருஷத்தில் ஏற்பட்டது. சிப்பாயின் பிள்ளைக்கு ஆதரவு கிடைத்தது. அவனுடைய மனப்புண்ணுக்கோ நெடுங்காலம் மருந்தில்லை. 1915-ம் வருஷத்தில் ‘ஷெல் ஷாக்’ என்னும் பெயர் வைத்திய ஏட்டில் ஏறிற்று. 1980-ல்தான் அமெரிக்க மனோவைத்தியர்கள் அதைத் தனி வியாதியாக ஒப்புக்கொண்டனர்.

அந்நாட்டில் 2021-ம் வருஷத்துச் சட்டமொன்று, இவ்வியாதியுற்ற முன்னாள் வீரர்கள் துணைநாய்களைப் பழக்குவதையே சிகிச்சையாகப் பரீட்சிக்க வகை செய்தது. இதன் சூக்ஷ்மம் எளிது. முரட்டுக் குட்டியைப் பழக்குபவன் முதலில் தன் கோபத்தை அடக்க வேண்டும்; அது சொற்படி நடந்தால் முகமலர்ந்து தட்டிக்கொடுக்க வேண்டும்; கடைவீதிக்கும் ஜனக்கூட்டத்துக்கும் அதை அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டினுள் ஒடுங்கிக் கிடந்தவன் இவ்விதம் தானும் வெளியேறுகிறான். வைத்தியனுக்கும் மருந்துக்கும் நாய் மாற்றாகாது, உற்ற துணையாகும்.

நாய் பழக்கும் வித்தை நம் சேனைக்குப் புதிதன்று. மீரத்தில் அதற்கென்றே நிலையமுண்டு. லவ்டேலுக்கு அணித்தே வெல்லிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையமிருக்கிறது. எல்லையில் நம்மைக் காத்து நின்றவன் தன் வீட்டில் நித்திரையின்றித் தவிக்கையில் நாம் வாளாவிருப்பது தர்மமாகுமா? அன்னியர் தம் சிப்பாயின் மக்களுக்குச் செய்ததை, நாம் நம் சிப்பாய்க்கே செய்யலாகாதா? இம்மலையில் ஒரு சிறு பரீட்சையையேனும் சர்க்கார் துவக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.