தாமரை இலையும் நுண்துளைச் சவ்வும்

தாமரை இலையின்மேல் விழும் நீர் பரவுவதில்லை; முத்துப்போல் திரண்டு உருண்டோடுகிறது. பட்டும் படாமலும் இருக்கும் உறவைத் ‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று சொல்வது தமிழர் வழக்கு. நீரைத் தன்மேல் தாங்கியும் தான் நனையாதிருக்கும் அந்த இயல்பு, புவி வெப்பமாதலைத் தணிக்கும் முயற்சி ஒன்றிற்கும் இன்று தேவைப்படுகிறது. ஆலைப்புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்க உதவும் நுண்துளைச் சவ்வுகள், நனையாமல் இருக்கும்வரைதான் முழுப்பயன் தருகின்றன.

புகையிலிருந்து பிரித்தல்

1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சார்லஸ் கீலிங் தொடர்ந்து அளவிடத் தொடங்கினார். அப்போது பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. காற்றில் இவ்வளவு நீர்த்துக் கலந்துள்ள வாயுவைத் திரும்பப் பிரிப்பது கடினம். நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையப் புகையிலோ அதன் அளவு 12 முதல் 15 விழுக்காடு வரை இருக்கிறது. எனவே, புகைபோக்கியை விட்டு வெளியேறும் முன்பே அதனைப் பிடிப்பது எளிது.

இதற்கான அடிப்படை முறை புதியதன்று. அமீன் கரைசலைக் கொண்டு வாயுக்களைத் தூய்மையாக்கும் முறைக்கு ஆர். ஆர். பாட்டம்ஸ் என்பவர் 1930ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உயரமான கோபுரம் ஒன்றில் கரைசல் மேலிருந்து வழியும். புகை கீழிருந்து எழும். இரண்டும் சந்திக்கும்போது கரைசல் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர்க் கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும். கரைசல் மீண்டும் பயன்படும். கரைசலைக் கொண்டு வாயுவைப் பிடிக்கும் ஆலை ஒன்று தூத்துக்குடியிலும் நிறுவப்பட்டது. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, அதனைச் சோடா சாம்பல் தயாரிக்கப் பயன்படுத்தும் வகையில் அவ்வாலை அமைக்கப்பட்டது.

கோபுர முறையில் சில குறைகளும் உண்டு. கோபுரம் பெரும் இடத்தைக் கொள்கிறது. புகையின் வேகம் மிகுந்தால் கரைசல் வழிய இயலாமல் மேலேயே தேங்குகிறது; சில வேளைகளில் நுரை பொங்குகிறது.

சவ்வு என்னும் எல்லை

இக்குறைகளைக் களையும் வழியாக, உள்ளீடற்ற இழைகளாலான சவ்வினைப் பயன்படுத்தலாம் என்பதை 1985ஆம் ஆண்டில் சீ, கஸ்லர் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மெல்லிய குழாய் போன்ற இந்த இழைகள் பாலிபுரோப்பிலீன் முதலிய நெகிழிகளால் ஆனவை. இழையின் சுவரெங்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. சுவரின் ஒருபுறம் புகையும் மறுபுறம் கரைசலும் செல்லும். இரண்டும் கலப்பதில்லை, நுண்துளைகளின் வாயில் மட்டுமே சந்திக்கின்றன. இங்கே வாயுவைத் தேர்ந்தெடுப்பது சவ்வு அன்று, கரைசலே. சவ்வு இரண்டிற்கும் இடையே எல்லையாக நிற்கிறது.

வாயுவும் கரைசலும் தொடும் பரப்பு, வழக்கமான கோபுரத்தில் ஒரு கன மீட்டருக்குச் சில நூறு சதுர மீட்டர் அளவில் அமையும். இழைத்தொகுதியில் அது 1,000 சதுர மீட்டரையும் கடக்கும். எனவே, அதே பணியைச் சிறிய கருவியைக் கொண்டே செய்துவிடலாம். புகையின் வேகத்தையும் கரைசலின் வேகத்தையும் தனித்தனியே மாற்றவும் இயலும்.

நனைந்தால் நேர்வது

இத்தனை நன்மைகளும் நுண்துளைகளில் வாயு நிறைந்திருப்பதைப் பொறுத்தவை. கார்பன் டை ஆக்சைடு வாயுவினூடே விரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரினூடே அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே விரவுகிறது. துளைக்குள் கரைசல் புகுந்து தேங்கிவிட்டால், திறந்த வழியாக இருந்த துளை தடையாக மாறிவிடும். பாலிபுரோப்பிலீன் இழைகளைக் கொண்ட ஆய்வு ஒன்றில், துளைகள் 5 விழுக்காடு நனைந்தாலே வாயு கடந்து செல்லும் திறன் 20 விழுக்காடு வரை குறையக்கூடும் எனக் கண்டறியப்பட்டது.

துளைகள் நனைவது ஏன்?

கண்ணாடியின்மேல் பாதரசம் உருண்டு நிற்பதற்கும் நீர் பரவுவதற்கும் காரணம் அவற்றின் சேர்கோணமே. சேர்கோணம் 90 பாகையைவிட மிகுந்திருந்தால், நீர்மம் தானாகத் துளைக்குள் புகாது. அழுத்தம் கொடுத்தால்தான் புகும். அந்த அழுத்தத்தின் அளவைச் சேர்கோணம், பரப்பு இழுவிசை, துளையின் விட்டம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன.

ஒரு துளையின் விட்டம் 0.2 மைக்ரோமீட்டர் என்றும், தூய நீருக்கு அங்கே சேர்கோணம் 110 பாகை என்றும் கொள்வோம். அத்துளைக்குள் நீர் புக ஏறத்தாழ 5 வளிமண்டல அழுத்தம் வேண்டும். பரப்பு இழுவிசை குறைந்த ஒரு கரைசலால் சேர்கோணம் 95 பாகையாகக் குறைந்தால், ஒரு வளிமண்டல அழுத்தத்திற்கும் குறைவான விசையே போதும். 90 பாகையைத் தொட்டுவிட்டாலோ எந்த எதிர்ப்பும் எஞ்சாது. அமீன் போன்ற கரிமச் சேர்மங்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பவை. வாயுவைப் பிடிக்க உதவும் அதே பொருள், துளையின் காவலையும் தளர்த்திவிடுகிறது.

புகை குமிழ்களாகக் கரைசலுக்குள் நுழையாதிருக்க, கரைசலின் அழுத்தம் புகையின் அழுத்தத்தைவிடச் சற்றே மிகுதியாக வைக்கப்படுகிறது. ஆகவே, கரைசல் எப்போதும் துளையின் வாயை அழுத்திக்கொண்டே இருக்கிறது. நாளடைவில் அமீன் நெகிழிக்குள் ஊடுருவி அதனைச் சற்றே உப்பச் செய்கிறது. துளைகளின் வடிவம் மாறுகிறது. பெரிய துளைகள் முதலில் நனைகின்றன. கரைசலிலிருந்து எழும் நீராவி, துளைகளுக்குள் குளிர்ந்து நீராவதும் உண்டு. இதனால், தொடக்கத்தில் நனையாத சவ்வும் பல நாள் உழைத்தபின் நனையத் தொடங்குகிறது.

மருத்துவத்திலும் இதே இடர்

இச்சிக்கல் மருத்துவர்களும் அறிந்ததே. இதய அறுவையின்போது குருதிக்கு உயிர்வளி ஊட்டும் கருவியிலும் பாலிபுரோப்பிலீன் நுண்துளை இழைகள் பயன்பட்டு வருகின்றன. சில மணிநேர அறுவைக்கு அவை போதுமானவை. நாள்கணக்கில் பயன்படுத்தும்போது, குருதியிலுள்ள கொழுப்புப் பொருள்கள் இழையின்மேல் படிந்து அதன் நீர்வெறுக்கும் தன்மையைக் குறைக்கின்றன. குருதிநீர் துளைகளின் வழியே கசிகிறது. நெடுநாள் சிகிச்சைக்கு, துளையற்ற மெல்லிய மேற்படலம் கொண்ட பாலிமெத்தில்பென்டீன் இழைகள் இதற்குத் தீர்வாயின.

தீர்வுகளும் அவற்றின் விலையும்

புகையைத் தூய்மையாக்கும் சவ்வுகளுக்கும் பல தீர்வுகள் ஆராயப்பட்டுள்ளன. முதலாவது, சவ்வின் பொருளை மாற்றுவது. கனடாவின் ரெஜைனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பாலிபுரோப்பிலீன் இழைகளின் திறன் நாளடைவில் குறைய, டெஃப்லான் இழைகள் தம் திறனைக் காத்துக்கொண்டன. ஆனால் டெஃப்லான் இழைகளின் விலை மிகுதி. இரண்டாவது, கரைசலை மாற்றுவது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் அமினோ அமில உப்புக் கரைசல்களைப் பயன்படுத்தினர். இவற்றின் பரப்பு இழுவிசை மிகுதியாதலால், விலை குறைந்த பாலிபுரோப்பிலீனையும் இவை எளிதில் நனைப்பதில்லை. எனினும், வாயு மிகுதியாக உறிஞ்சப்படும்போது சில கரைசல்களில் உப்பு படிகமாக வீழ்ந்து வழியை அடைக்கக்கூடும். மூன்றாவது, துளைகளின்மேல் மெல்லிய படலம் பூசுவது. இப்படலம் கரைசலைத் தடுக்கும். அதே வேளையில் வாயுவையும் சற்றே தடுக்கும். நான்காவது, தாமரை இலையில் உள்ளதைப் போன்ற நுண்ணிய மேடுபள்ளங்களைச் சவ்வின் பரப்பில் உருவாக்கிச் சேர்கோணத்தை உயர்த்துவது. அமீன் கரைசலில் நெடுநாள் இருந்தபின்னும் அம்மேடுபள்ளங்கள் சிதையாதிருக்க வேண்டும்.

ஒவ்வொரு தீர்வும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கேட்கிறது. ஆய்வகத்தில் ஒரு சவ்வு சில நாள்கள் சிறப்பாகச் செயல்படுவது முதற்படியே. அனல்மின் நிலையமோ ஆண்டுக்கணக்கில் இடைவிடாது புகையை வெளியிடுவது. முதல்நாளில் எவ்வளவு வாயுவைப் பிடித்தது என்பதைவிட, ஆயிரம் நாள்களுக்குப் பின்னும் துளைகள் உலர்ந்திருக்கின்றனவா என்பதே ஒரு சவ்வின் தகுதியை உறுதி செய்யும்.