பதகளிப்பும் குளிசையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் அச்சத்துக்கு நிலைக்களம் நான்கு என்றார். தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என்பன அவை. நான்கும் புறத்தேயிருந்து வருவன. புலியைக் கண்டோன் அஞ்சுவான். புலி அகன்றதும் அச்சமும் அகலும். புலியின்றியே நெஞ்சு படபடக்க, கை நடுங்க, உறக்கமின்றி மாதக்கணக்கில் வருந்துவோர் நிலை இவ்விலக்கணத்துள் அடங்குவதன்று. யாழ்ப்பாணத்து மக்கள் அதனைப் ‘பதகளிப்பு’ என்பர். மனநோய் வைத்தியரும் அச்சொல்லையே கலைச்சொல்லாகக் கொண்டமை தமிழாசிரியனாகிய எனக்கு மகிழ்ச்சி தருவதொன்று. மொழிபெயர்த்த சொல்லாயின் நோயாளிக்கு அதற்கும் உரை வேண்டியிருக்கும்.

போர் நம் குடாநாட்டிற் பலரிடம் இந்நோயை விட்டுச் சென்றது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதி 1993இல் வெளிவந்த ‘மனவடு’, அவ்வுளத்தாக்கத்தைத் தமிழில் விளக்கிய நூலாகும். இன்று வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உள. ஆயினும் குளிசையைப் பற்றிய தெளிவு நம்மவரிடம் குறைவே.

என் பழைய மாணவர் ஒருவர், “ஐயா, செர்ட்ராலின் மூன்று கிழமை குடித்தேன், சுகமில்லை, விட்டுவிட்டேன்” என்றார். அயலார் கொடுத்த வேலியத்தில் இரவுகளைக் கழித்துவந்தார். அவர் மருந்துக்குப் பணியாத நோய் தமக்கு வாய்த்ததென்றே எண்ணிவிட்டார்.

அவ்வாறு முடிவு செய்தற்கு மூன்று கிழமை போதாது. செர்ட்ராலின், புளுவொக்சிற்றின் போன்றவை பயன் தர நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். சிலருக்கு மேலுஞ் செல்லும். தொடக்கத்திற் படபடப்புச் சற்றுக் கூடுவதுமுண்டு. அளவு போதுமோ, நாடோறும் எடுத்தாரோ, தைரொயிட் மிகுதியோ, மதுவோ, ஓயாத கோப்பியோ என்பவற்றை ஆராய்ந்த பின்னரே வைத்தியர் வேறு மருந்தை நாடுவர். முதலில் அதே இனத்து வேறொன்று, பின் வென்லாபக்சின். திடீர்ப் பீதிக்கு இமிப்பிரமின் உதவுமென்பதை டொனால்ட் கிளைன் 1960களின் தொடக்கத்திலேயே காட்டினார். பழைய மருந்தாயினும் அது இன்றும் கைவிடப்படவில்லை. பிரிகபலினை ஐரோப்பா 2006இல் இந்நோய்க்கு ஏற்றது; அதுவும் பழக்கமாகக்கூடியதே. இவற்றோடு அறிகை நடத்தைச் சிகிச்சையுஞ் சேரின் பயன் பெரிது.

1963இல் விற்பனைக்கு வந்த வேலியத்தின் வழி வேறு. அது விரைந்து அமைதி தரும். அவ்விரைவே அதன் பொல்லாங்கு. நாள் செல்லச் செல்ல உடல் அதனையே வேண்டி நிற்கும். நெடுநாள் எடுத்தவர் சடுதியாக நிறுத்தின் வலிப்பும் வரலாம். அயல்வீட்டுச் சர்க்கரையைப்போல் இரவல் வாங்கத்தக்கதன்று அது.

மாணவர் இப்போது கிளினிக்குக்குச் செல்கிறார். செர்ட்ராலினை மீண்டுந் தொடங்கியிருக்கின்றனர். தைரொயிட்டுக்கு இரத்தமும் எடுத்தனர். வேலியத்தைக் கிழமைதோறும் சிறிது சிறிதாகக் குறைத்து வருகின்றனர்.