கணினிப் பட்டமும் கன்னித்தமிழும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் நெடுஞ்சாலையில், அக்குறணையைக் கடந்தால் வருவது எங்கள் அலவத்துகொட. இங்கும் சுற்றுப்புறத்தும் உயர்தரம் தேறும் மாணவர் பலர் இன்று நாடுவது தகவல் தொழில்நுட்பப் பட்டம். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் அத்துறையில் வெளிவாரிப் பட்டப்படிப்பைத் தொடங்கவே, ஊரை நீங்காமலே அதனைக் கற்கும் வாயிலும் திறந்தது. ஈழத்திற் கணினிக் கல்விக்கு வித்திட்ட பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அவர்களை இவ்விடத்து நினைவுகூர்தல் நம் கடன்.

வாயில் திறந்ததேனும் படி உயரமானது. பாடங்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. "தமிழ்மூலம் படித்தவன் நான். தாங்கள் கற்பித்த நன்னூல் அங்கே எனக்கு உதவுமா, ஐயா?" என மாணவன் ஒருவன் என்னை வினவினான். வினா நேர்மையானது, விடையும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்பான் பள்ளிச் சிறுவன். யூனிகோடு முறையிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனக் குறியீடுகள் ஐந்து. நம் இலக்கணத்தில் மெய் முதலாவது. உயிர் சேர்ந்தால் உயிர்மெய். அங்கே அகரமேறிய உயிர்மெய் முதலாவது. புள்ளி சேர்ந்தால் மெய். முறை தலைகீழ் அன்றோ! வரிசையும் வேறு. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், வகரத்துக்கு முன்னரே ளகர ழகரங்களும் நிற்கின்றன. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த வரிசையைத் தழுவியதன் விளைவு இது. அவ்வெண்வரிசையை மட்டும் நம்பி அகராதி அடுக்கினால் சொற்கள் இடம் மாறிவிடும்.

தீர்வு உண்டு. நெடுங்கணக்கு முறையை நிரலுக்குக் கற்பித்தலே அது. அதனை ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் செய்யான். இலக்கணம் மட்டும் அறிந்த என்னாலும் இயலாது. இரண்டும் அறிந்தவனே வேண்டும்.

இன்னொன்று. நிலைமொழி ஈறு இது, வருமொழி முதல் இது எனின் விளைவு இது என்று புணர்ச்சி விதி கூறும். நிபந்தனையும் விளைவும் விலக்கும் வகுத்து எழுதும் நிரலும் அத்தகையதே. புணரியலைப் பொருளுணர்ந்து கற்றவனுக்கு அச்சிந்தனை புதிதன்று.

ஆயினும் ஆங்கிலமின்றி அப்பட்டம் கைகூடும் என்று மாணவரை ஏமாற்றுதல் தகாது. ஆசிரிய அன்பர்களே, உயர்தர வகுப்பிலேயே நாள்தோறும் ஆங்கிலக் கணினி நூலில் ஒரு பக்கத்தைப் படிக்கச் செய்யுங்கள். படித்ததைத் தமிழிற் சொல்லச் செய்யுங்கள். தமிழிற் சொல்ல இயலாத இடம், பொருள் விளங்காத இடமாகும். அங்கே நின்று விளக்குதல் நம் தொழில்.

அம்மாணவனுக்கு யான் கூறியதும் இதுவே: ஆங்கிலத்தை அஞ்சாது கற்றுக்கொள், தமிழை நாணாது உடன்கொண்டு செல்.